சொல்வதை எழுதுபவர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக நிகழ்த்திய உரை, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது)



முதலில் அழைப்பு வந்தபோது 'தடைகளை வென்ற என் வாழ்க்கை' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் வேறு தலைப்புக் கேட்டேன். மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பார்வையற்ற ஒருவரை மேடையேற்றினால் பட்ட துன்பத்தைச் சொல்வார், அல்லது அதிலிருந்து மீண்ட கதையைச் சொல்வார் என்று ஊரில் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. ஒரு கருத்தை முன்வைத்து அதற்காக அவர் வாதாடுவார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இன்று நான் வாதாட வந்திருக்கிறேன்.

பார்வையற்ற மாணவர் தேர்வெழுத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருவார். நாங்கள் அவரை 'ஸ்கிரைப்' என்போம். அரசு அறிவிப்புகளில் அவருக்கு 'சொல்வதை எழுதுபவர்' என்று பெயர். யார் வைத்த பெயரோ தெரியாது, அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்குப் பக்கத்துணையாக நிற்க விரும்பும் எவருக்கும், பெற்றோர், ஆசிரியர், தொண்டு நிறுவனம், அரசு எல்லோருக்கும், வேண்டிய முழு இலக்கணமும் அந்த இரண்டு சொற்களுக்குள் இருக்கிறது என்பதே என் வாதம்.

1. தேர்வறை

இளங்கலை இரண்டாம் ஆண்டில் வரலாற்றுத் தேர்வு. ஆங்கிலேயர் காலத்து ரயத்துவாரி நிலவரி முறையால் உழவர்களுக்கு நன்மை விளைந்ததா என்பது கேள்வி. தீமையே மிகுதி என்று காரணங்களோடு இரண்டு பக்கத்துக்குச் சொன்னேன். எனக்கு எழுதித் தந்தவன் பொருளாதாரம் படித்த ஜூனியர் மாணவன், தங்கமான பையன். தேர்வு முடிவு வந்த பிறகு ஒருநாள் பேருந்தில் பார்த்தபோது மகிழ்ச்சியாகச் சொன்னான்: "அண்ணே, அந்த ரயத்துவாரி கேள்விக்கு நீங்க சொன்னது தப்பு மாதிரி இருந்துச்சு. எங்க புத்தகத்துல இருக்கிற மாதிரி மாத்தி எழுதிட்டேன். மார்க் வந்துச்சா?"

மார்க் வந்திருந்தது. அந்த ஆண்டு நான் வாங்கியதிலேயே அதிக மார்க் அந்தத் தாளில்தான். இன்றுவரை அதை என் மதிப்பெண்ணாக என்னால் நினைக்க முடியவில்லை.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இது சின்ன விஷயம். என்மேல் வைத்த அன்பினால் செய்தான். என் கருத்தை அழித்துவிட்டு எனக்கு நல்லது செய்ததாக நம்பினான். அது தேர்வறையோடு முடிந்துபோகவில்லை. நான் மருத்துவரிடம் போனால் அவர் என் மனைவியிடம் "இவருக்கு எத்தனை நாளா காய்ச்சல்?" என்று கேட்கிறார். வங்கியில் என் கணக்கைப் பற்றி என் மகனிடம் பேசுகிறார்கள். ரயத்துவாரி விடை போலவே, நான் உட்கார்ந்திருக்கும்போதே என் பதில் வேறொருவர் வாயிலிருந்து வெளிவருகிறது.

முதுகலையில் எனக்கு எழுதித் தந்தவள் பதினோராம் வகுப்பு மாணவி. ஒவ்வொரு பெயருக்கும் "எந்த ல, எந்த ன?" என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். ஓரிடத்தில் நான் ஓர் ஆண்டைச் சொன்னதும் பேனா சட்டென்று நின்றது. பிறகு தொடர்ந்தது. வெளியே வந்த பின், "அந்த வருஷம் தப்புன்னு தெரிஞ்சுதுண்ணா, ஆனா நீங்க சொன்னதைத்தான் எழுதினேன்" என்றாள். இரண்டு மதிப்பெண் போயிற்று. அது என் தவறு. என் தவறாகவே என்னிடம் வந்து சேர்ந்தது. அந்தப் பேனா நின்ற கணத்தை நான் மறக்கவில்லை. தெரிந்திருந்தும் மாற்றாமல் இருப்பதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்!

அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்கு முதுகில் எழுத்தை எழுதிக் காட்டிப் பாடம் சொன்னார்கள் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அவர் பாடியதை யார் யாரோ ஏட்டில் எழுதியிருக்க வேண்டும். அவர்கள் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. பாட்டு அவர் பெயரில் வந்து சேர்ந்திருக்கிறது. எழுதிய கைகள் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கின்றன.

2. பாரிஸ் பள்ளி

பார்வையற்றோருக்கான கல்வி இரக்கத்தில்தான் தொடங்கியது. 1771-இல் பாரிஸ் சந்தையொன்றில் பார்வையற்றவர்களுக்குக் கோமாளி வேடமிட்டு இசைக்கருவிகளைக் கையில் கொடுத்துக் கூட்டம் சிரித்தது. அதைக் கண்டு மனம் பொறாத வாலன்டின் ஆயுய் பின்னாளில் அந்நகரில் பள்ளி தொடங்கினார். ரோமன் எழுத்துகளையே தாளில் மேடாக அழுத்தி, விரலால் தடவிப் படிக்கச் செய்தார். மிகப் பெரிய காரியம்தான். ஆனால் ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் விரலால் பின்தொடர வேண்டும். படிப்பது ஆமை வேகம். அதைவிடப் பெரிய குறை, அம்முறையில் பார்வையற்றவரால் தாமே எளிதாக எழுத முடியாது. படிக்கலாம், பதில் எழுத முடியாது.

அதே பள்ளியில் படித்த லூயி பிரெய்ல், பதினைந்து வயதுக்குள் ஆறு புள்ளிகளைக் கொண்டு ஒரு முறையை உருவாக்கினார். 1829-இல் அது அச்சில் வந்தது. ஒரு விரல் நுனிக்குள் ஓர் எழுத்து அடங்கியது. மாணவர்கள் உடனே பற்றிக்கொண்டார்கள். ஆனால் 1840-இல் பொறுப்புக்கு வந்த இயக்குநர் துஃபோ அதைத் தடைசெய்தார். பழைய புத்தகங்களை எரிக்கவும் செய்தார். மாணவர்கள் ஒளித்து வைத்துப் புள்ளி குத்தினார்கள்.

துஃபோ கொடுமைக்காரர் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அவர் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது: மேடான ரோமன் எழுத்தைப் பார்வையுள்ள ஆசிரியரும் கண்ணால் படிக்கலாம், புள்ளிகளை அப்படிப் படிக்க முடியாது, பார்வையற்றோர் தனி எழுத்து வைத்துக்கொண்டால் உலகத்திலிருந்து பிரிந்துபோவார்கள். நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணத்துக்குள் ஆசிரியர்களின் வசதி ஒளிந்திருந்தது, அவருக்கே தெரியாமல். யாருடைய விரல் படிக்கப்போகிறதோ அந்த விரலை யாரும் கேட்கவில்லை.

துஃபோவின் துணையாளர் குவாதே பார்வையுள்ளவர். அவர் கேட்டார். தடையை மீறிப் படிக்கும் மாணவர்களைக் கவனித்து, இயக்குநரின் மனத்தையும் மாற்றினார். 1844-இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அவையினர் முன்னிலையில் ஒரு செய்முறை நடந்தது. ஒரு பகுதியைப் படிக்கக் கேட்டு ஒரு பார்வையற்ற மாணவர் புள்ளியில் எழுதினார். அதுவரை அறைக்கு வெளியே இருந்த இன்னொரு பார்வையற்றவர் உள்ளே வந்து தடவிப் படித்தார். அன்றைக்கு எங்களில் ஒருவரே சொல்வதை எழுதுபவராக இருந்தார். குவாதே அந்த முறையைப் பற்றி எழுதவும் செய்தார், பிரெய்லின் பெயரைச் சொல்லித்தான் எழுதினார். 1852-இல் பிரெய்ல் இறந்தார். பிரான்ஸ் அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-இல்.

3. ஒரு கட்டடத்துக்குள் 25 நாட்கள்

பக்கத்துணை என்பது எப்படி இருக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்டால் நான் சொல்லும் கதை இது. சற்று விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள்.

அமெரிக்காவில் 1973-இல் வந்த மறுவாழ்வுச் சட்டத்தில் 504 என்று ஒரு பிரிவு. மத்திய அரசின் பணத்தைப் பெறும் எந்த இடத்திலும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று ஒரே வாக்கியம். ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்துப் போடாமல் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். 1977 ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் மாற்றுத்திறனாளிகள் அரசு அலுவலகங்களுக்குள் போய் உட்கார்ந்தார்கள். மற்ற ஊர்களில் ஓரிரு நாளில் கலைந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நான்காம் மாடியில் ஏறத்தாழ 25 நாட்கள் வெளியேறாமல் இருந்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், காது கேளாதோர், பார்வையற்றோர், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் எல்லோரும் இருந்தார்கள். இரவில் திருப்பிப் படுக்கவைக்க ஆள் வேண்டும் என்ற நிலையில் இருந்தவர்கள் மாற்றுப் படுக்கைகூட இல்லாமல் தரையில் படுத்தார்கள். மருந்தைக் குளிரில் வைக்க வேண்டியவர்களுக்காகக் ஏசி இயந்திரத்தின் வாயில் ஓர் அட்டைப்பெட்டியை ஒட்டி வைத்தார்கள்.

தொலைபேசி இணைப்பை அதிகாரிகள் துண்டித்தார்கள். உள்ளே இருந்த காது கேளாதோர் சன்னலில் நின்று, கீழே தெருவில் நின்ற தோழர்களுக்குச் சைகை மொழியில் செய்தி அனுப்பினார்கள். கேட்கும் திறன் உள்ளவர்கள் செயலற்று நின்ற நேரத்தில் அந்தக் கட்டடத்தின் குரலாக அவர்களுடைய கைகள் இருந்தன.

கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் ஒவ்வொரு நாளும் விரிகுடாவைக் கடந்து சூடான சாப்பாடு கொண்டுவந்தார்கள். அவர்கள் கட்சியைச் சேர்ந்த பிராட் லோமாக்ஸ் என்ற இளைஞர், மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர், உள்ளே இருந்தார். அவருடைய உதவியாளரும் கூடவே இருந்தார். உலகத்தைச் சரிசெய்ய நீங்கள் போராடுகிறீர்கள், எங்கள் வேலையும் அதுதான், ஆகவே உங்களுக்குச் சோறு போடுவோம் என்பதே அவர்கள் சொன்ன காரணம் என்று உள்ளே இருந்தவர்கள் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். நகர மேயர் குளிப்பதற்கு ஏற்பாடு செய்ய முன்வந்தார். போராட்டக்காரர்களில் ஒரு குழு வாஷிங்டனுக்குப் போனபோது, இயந்திரத் தொழிலாளர் சங்கத்தினர் ஒரு சரக்கு லாரியை வாடகைக்கு எடுத்துத் தந்தார்கள். சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வண்டி அந்தத் தலைநகரில் வேறு கிடைக்கவில்லை. இருட்டான லாரிப் பெட்டிக்குள் சுவரைப் பற்றிக்கொண்டு போனார்கள்.

இவர்களில் யாரும் விதிகளில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லித்தரவில்லை. சோறு, குளிக்க ஏற்பாடு, லாரி தந்தார்கள். கோரிக்கையை உள்ளே இருந்தவர்கள் நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்து தாங்களே பேசி முடிவெடுத்தார்கள்.

அதே கட்டடத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவர் ஒரு விசாரணை நடத்தினார்கள். வாஷிங்டனிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், போராட்டத் தலைவர்களில் ஒருவரான ஜூடி ஹியூமன் பேசும்போது தலையாட்டிக்கொண்டே இருந்தார். குழந்தைப் பருவத்தில் போலியோ தாக்கியவர் ஹியூமன். சக்கர நாற்காலியோடு வரும் குழந்தை தீ விபத்துக்கு ஆபத்து என்று பள்ளி திருப்பி அனுப்பிய அனுபவம் உள்ளவர். பேச்சின் நடுவே குரல் நடுங்க அந்த அதிகாரியிடம், நாங்கள் சொல்வது புரியாமல் ஆமோதித்துத் தலையாட்டுவதை நிறுத்துங்கள் என்றார்.

வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் தந்தத்தால் எழுதிய கதை நமக்குத் தெரியும். இடையில் நிறுத்தக் கூடாது என்பது பிள்ளையார் விதித்த நிபந்தனை. பொருள் புரிந்த பிறகே எழுத வேண்டும் என்பது வியாசர் விதித்தது. எழுதுபவரின் வேகத்தைவிட அந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மாறாமல் எழுதுவது கிளிப்பிள்ளை வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். "எந்த ல?" என்று கேட்டவளுக்குப் பொருள் மேல் கவனம் இருந்தது. தலையாட்டிய அதிகாரிக்கு இல்லை.

ஏப்ரல் 28 அன்று விதிகள் கையெழுத்தாயின, மாற்றம் எதுவுமின்றி.

4. நாற்காலி

துணை நிற்க வந்தவர்களே முடிவெடுக்கும் நாற்காலியில் அமர்வது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி உலக மாநாடு கூடியது. வந்தவர்களில் ஏறத்தாழ எல்லோரும் காது கேட்கும் ஆசிரியர்கள். சைகை மொழியைப் பள்ளிகளில் விலக்கி வாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சைகை செய்த கைகளைக் கட்டிவைத்த பள்ளிகள் அதன் பின் பல தலைமுறைகள் நடந்தன. அதே மாநாட்டு வரிசையின் 2010 வான்கூவர்க் கூட்டம் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது ஆண்டுகள்!

1988 மார்ச்சில் வாஷிங்டனில் உள்ள கேலடெட் பல்கலைக்கழகம். 1864 முதல் காது கேளாதோருக்கென நடக்கும் அந்த நிறுவனத்துக்கு அதுவரை காது கேளாத தலைவர் ஒருவர்கூட இல்லை. இறுதிப் பட்டியலில் இருந்த மூவரில் இருவர் காது கேளாதோர். ஆட்சிக்குழு மூன்றாமவரான எலிசபெத் ஜின்சரைத் தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் வாயில்களை அடைத்தார்கள். ஒரு வாரத்தில் காது கேளாத கிங் ஜோர்டன் தலைவரானார், ஆட்சிக்குழுவில் காது கேளாதோருக்குப் பெரும்பான்மை வேண்டும் என்ற கோரிக்கையும் ஏற்கப்பட்டது. அந்த வாரத்தில் எனக்குப் பிடித்த செயல் ஜின்சர் தாமே விலகியது. தகுதியுள்ளவர், முறைப்படி தேர்வானவர், சில நாட்களில் நாற்காலியை விட்டு எழுந்தார். பேனாவைக் கீழே வைப்பதும் எழுதுபவரின் கடமையில் சேர்ந்தது.

5. பேசாத மகன்

ஓர் ஊரில் இப்படி நான் பேசி முடித்ததும் ஒரு தாய் எழுந்து கேட்டார்: "நீங்க பேசுறீங்க சார். என் பையனுக்கு இருபத்திரண்டு வயசு, ஒரு வார்த்தை பேச மாட்டான். அவனுக்கு நான் பேசாம யார் பேசுவாங்க?"

என் வாதத்துக்கு இதைவிடக் கடினமான கேள்வி இல்லை. அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று முயல்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், பேசாத ஆட்டிசக் குழந்தைகளின் கையையோ மணிக்கட்டையோ ஓர் உதவியாளர் பிடித்துக்கொள்ள, அவர்கள் விசைப்பலகையில் தட்டச்சு செய்யும் முறை பரவியது. அழகான வாக்கியங்கள் வந்தன. பெற்றோர் அழுதார்கள். பிறகு ஆய்வாளர்கள் ஒரு சோதனை வைத்தார்கள்: குழந்தைக்கு ஒரு படம், உதவியாளருக்கு வேறு படம். தட்டச்சில் வந்தது உதவியாளர் பார்த்த படத்தின் பெயர். உதவியாளர்கள் ஏமாற்றவில்லை, தாம்தான் எழுதுகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. 1994-இல் அமெரிக்க உளவியல் சங்கம் அந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானித்தது. என் பேருந்துப் பையனுக்கு மாற்றி எழுதியது தெரியும். இவர்களுக்கு அதுவும் தெரியவில்லை. ஆகவே, மிக அதிகமாக நேசிப்பவருக்கே மிக அதிகமான சோதனை வேண்டும் என்று அந்தத் தாயிடம் சொல்வேன்.

இரண்டாவது, பேசாதவர் சொல்வதே இல்லை என்று ஆகாது. 2009-இல் நம் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சண்டிகர் அரசுக் காப்பகத்தில் இருந்த, அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமையால் கருவுற்றிருந்தார். கருவைக் கலைக்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. உயர் நீதிமன்றமும் அவ்வாறே ஆணையிட்டது, அவருடைய நன்மைக்காக. ஆனால் நிபுணர் குழு அவரிடமே பேசியிருந்தது. குழந்தை வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அவருடைய சம்மதமின்றிக் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. படித்தவர்கள் அத்தனை பேர் அவருக்காகப் பேசிய இடத்தில், கோப்புக்குள் அவர் சொன்ன ஒரு வாக்கியம் இருந்தது. அதைத் தேடி எடுத்துப் படிக்க ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையொட்டி ஒரு வழி காட்டுகிறது. முழு முடிவையும் காப்பாளரே எடுக்கும் பழைய முறைக்குப் பதிலாக, குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து சேர்ந்து முடிவெடுக்கும் காப்பாளர். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையில் 2007-இல் இந்தியா சேர்ந்ததன் விளைவு இது. நடைமுறையில் இன்னும் பல அலுவலகங்களில் பழைய படிவம்தான் கைக்கு வருகிறது.

அந்தத் தாய்க்கு என் பதில்: அம்மா, உங்கள் மகன் பிடிக்காத உணவைத் தள்ளுகிறான், பிடித்தவர் வந்தால் வாசலுக்கு ஓடுகிறான், ஓர் இடத்துக்குப் போக மறுத்து உட்கார்ந்துவிடுகிறான். இவை எல்லாம் சொல். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தச் சொற்களைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். அவற்றை அப்படியே எங்களிடம் சொல்லுங்கள்; 'அவன் இதைத் தள்ளுகிறான்' என்று சொல்லுங்கள், 'அவனுக்கு இது நல்லதில்லை' என்பதை உங்கள் கருத்தாகத் தனியே சொல்லுங்கள். உங்களுக்கு இரவில் தூக்கம் வேண்டும், ஓய்வு வேண்டும், உங்களுக்குப் பிறகு என்ன என்ற கவலைக்கு விடை வேண்டும். அதையும் உங்கள் பெயரிலேயே கேளுங்கள். அதற்கு மகனின் பெயர் தேவையில்லை. நாங்கள் உங்களோடு நிற்போம்.

6. தீர்மானப் புத்தகம்

2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்தது. இம்மாநிலத்தில் கிராம ஊராட்சிகளே 12,000-க்கு மேல். இயக்கத்தில் பல்லாண்டு உழைத்தவர்கள் கேட்டு வாங்கிய திருத்தம் இது. அதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன்.

ஆனால் நம் ஊராட்சிகளில் ஒரு வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பெண் தலைவராக இருப்பார், நாற்காலியில் அவருடைய கணவர் இருப்பார். ஊரே அவரைத் 'தலைவர்' என்று அழைக்கும். நாளை பார்வையற்ற உறுப்பினர் ஒருவருக்குப் பக்கத்தில் அவருடைய அண்ணன் உட்கார்ந்து, "அவனுக்கு இதெல்லாம் புரியாதுங்க, நான் சொல்றேன்" என்று தொடங்க ஒரு நிமிடம் போதும். காது கேளாத உறுப்பினருக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கூட்டம் நடந்தால், அவர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருப்பார்.

ஆகவே மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் அப்படி ஒரு உறுப்பினர் இருந்தால், அவரிடம் போய், வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டும் என்றால், கூட்டப் பொருள் நிரலை முந்தின வாரமே வாங்கிப் படித்துக் காட்டுங்கள். எந்தப் பொருள் முக்கியம் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், முழுவதையும் படியுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் மாவட்ட அலுவலகத்துக்கு அவர் சொல்லச் சொல்ல மனு எழுதுங்கள். கூட்டத்தில் யாராவது உறுப்பினரை விட்டுவிட்டு உங்களைப் பார்த்துக் கேட்டால், உறுப்பினர் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

ஊராட்சிச் செயலர்களும் இந்த அவையில் சிலர் இருப்பதாக அறிந்தேன். தீர்மானப் புத்தகம் உங்கள் கையில் இருக்கிறது. உறுப்பினர் ஒரு தீர்மானத்தை எதிர்த்துப் பேசினால், சாய்வுதளம் கட்டாமல் தெருவிளக்குக்கு ஏன் பணம் ஒதுக்கினீர்கள் என்று கேட்டால், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள், அல்லது சைகையில் சொல்லச் செய்யுங்கள். அவர் திருத்தச் சொன்னால் திருத்துங்கள். பிறகு அவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.